அருகிவரும் உயிரினங்களுக்காக வேலை செய்ய ஆசையா? முதலில் எண்ணப் பழகுங்கள்

வேலை கேட்டு எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சின்ன வயசிலிருந்தே விலங்குகள்னா எனக்கு உயிர்." நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வரியைப் பார்த்து நான் யாரையும் வேலைக்கு எடுத்ததில்லை. களக்குறிப்பு நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் பிடித்து இணைத்து அனுப்பிய ஒரு பெண்ணை மறுபேச்சில்லாமல் எடுத்தேன். எழுத்து கோணல்மாணல், ஓரத்தில் சேற்றுக் கறை. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது: "6.40 முதல் 8.10 வரை, பனிமூட்டம் இல்லை, எதுவும் தென்படவில்லை." கண்ணில் படாததையும் நேரம் போட்டு எழுதி வைக்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். மற்றதை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

காட்டுயிர்ச் சூழலியலாளர் ஆவது எப்படி, அதிலும் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களோடு வேலை செய்வது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

இந்த வேலை உண்மையில் என்ன

காப்பாற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, ஏன் குறைகிறது என்று கண்டுபிடிப்பது. இதைத் தாண்டிக் குதித்தவர்கள் நல்லெண்ணத்தோடே பல உயிரினங்களுக்குக் குழி பறித்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் 'பெரிய நீலன்' என்றொரு வண்ணத்துப்பூச்சி இருந்தது. எண்ணிக்கை சரியத் தொடங்கியதும், சேகரிப்பாளர்கள் பிடித்துப் போகிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அது இருந்த இடங்களுக்கு வேலி போட்டார்கள். வேலிக்குள்ளேயே அது அழிந்தது. 1970களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பூச்சியின் வாழ்க்கையை முட்டையிலிருந்து படிப்படியாகப் பின்தொடர்ந்தார். அதன் புழு சில வாரம் தைம் செடியின் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழுகிறது. தன் குட்டிதான் என்று ஏமாந்து ஒரு சிவப்பெறும்பு அதைப் புற்றுக்குத் தூக்கிப் போகிறது. மிச்ச காலம் முழுக்க அந்தப் புழு எறும்பின் குஞ்சுகளைத் தின்றே வளர்கிறது. இதுவரைக்கும் முன்பே தெரியும். தாமஸ் கண்டது இதற்கு அடுத்த படி: எந்தச் சிவப்பெறும்பும் ஆகாது, 'மிர்மிகா சபுலெட்டி' என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் புழு நன்றாகத் தேறுகிறது. அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். மண் சூடாக இருக்க வேண்டுமானால் புல் கட்டையாக மேயப்பட்டிருக்க வேண்டும். 1950களில் முயல்கள் நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தன. சரிவுகளில் கால்நடை மேய்ப்பதும் குறைந்தது. புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, வேறு எறும்பு வந்தது. காப்பாற்றப் போட்ட வேலியோ மிச்சமிருந்த மேய்ச்சலையும் தடுத்தது. காரணம் பிடிபடும் நேரத்தில் காலம் கடந்துவிட்டது. 1979இல் பிரிட்டனில் அந்த வண்ணத்துப்பூச்சி இல்லாமல் போனது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, இந்த முறை புல்லை மேயவிட்டு, மீண்டும் நிலைநிறுத்தினார்கள். இன்று அங்கே பறப்பவை அவற்றின் வழித்தோன்றல்கள்.

தெற்காசியப் பாறுக் கழுகுகளின் கதையும் இதே ரகம். 1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கழுகுகள் சரிவதைக் கவனித்துச் சொன்னார். ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் பலரும் தேடினார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் வெளியிட்டது வேறு விடை. உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகம் செயலிழந்திருந்தது. மாட்டுக்குப் போடும் வலி மருந்தான டைக்ளோஃபினாக்தான் காரணம். மருந்து கலந்த சடலங்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே இவ்வளவு பெரிய சரிவு நேரும் என்று வேறொரு குழுவினர் கணக்குப் போட்டும் காட்டினார்கள். 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. உறைவிடக் குறைவு, உணவுக் குறைவு என்று எண்ணிக் கூடு கட்ட மரம் நட்டுக்கொண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே உங்களுக்கு முதல் பயிற்சி இது. ஏதாவது ஓர் அருகிவரும் உயிரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இடது பக்கம் அது குறைவதற்கு இருக்கக்கூடிய எல்லாக் காரணங்களையும் எழுதுங்கள். வலது பக்கம், அந்தக் காரணம் உண்மையானால் களத்தில் நான் எதைப் பார்ப்பேன் என்று எழுதுங்கள். உணவு இல்லையென்றால் குஞ்சுகள் மெலிந்திருக்கும், கூடுகள் பாதியில் கைவிடப்பட்டிருக்கும். நஞ்சு என்றால் நன்றாக வளர்ந்தவை செத்துக் கிடக்கும், இனப்பெருக்கத்தில் குறை தெரியாமலும் இருக்கலாம். எலி புகுந்திருந்தால் முட்டை இரவில் காணாமல் போகும். வலது பக்கம் எழுத முடியாத காரணம் வெறும் அபிப்பிராயம்தான். கழுகு, கடலாமை, ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை மாதிரி நெடுநாள் வாழ்ந்து மெல்லப் பெருகுபவற்றில் பெரியவை கூடுதலாகச் சிறிதளவு சாவதே ஆபத்து. ஒரு பருவம் குஞ்சு பொரிக்காமல் போனால் தாங்கிக்கொள்ளும். குறைந்த ஆயுள் கொண்ட பூச்சிகளுக்கும் சிறு பறவைகளுக்கும் இது நேர்மாறு. எங்கே தேடுவது என்பதை இந்த ஒரு வித்தியாசமே பாதி சொல்லிவிடும்.

படிப்பு

"அக்கா, எந்தப் படிப்பு எடுக்கணும்?" விலங்கியல், தாவரவியல், வனவியல், கால்நடை மருத்துவம், கணிதம், எதுவானாலும் சரி. எல்லாத் துறையிலிருந்து வந்தவர்களோடும் வேலை செய்திருக்கிறேன். முதுகலை இல்லாமல் மேலே போவது கடினம். கேள்வியை நீங்களே கேட்க விரும்பினால் முனைவர் பட்டம் வேண்டும். அடுத்தவர் கேட்கும் கேள்விக்குக் களத்தில் திறமையாக விடை தேடுவது பிடித்திருந்தால் அது வேண்டாம். அதிலும் ஒரு குறையும் இல்லை. நான் பார்த்த ஆகச் சிறந்த களப்பணியாளர்களில் சிலர் பட்டமே வாங்காதவர்கள்.

தவிர்க்க முடியாதது புள்ளியியல். 'ஆர்' மென்பொருள் இலவசம், வரைபடத்துக்குக் 'கியூஜிஐஎஸ்' இலவசம். இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். "எனக்குக் கணக்கு வராது, காடுதான் வரும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டு அடுத்தவர் மேசையில் போய் நிற்பார்கள்.

எண்ணுவது

நீங்கள் பார்த்தது 12 என்றால் அங்கே இருப்பது 12 அல்ல. சில மறைந்திருந்தன, சில நீங்கள் திரும்பிய பக்கம் இல்லை. பார்க்கத் தவறியது எவ்வளவு என்று கணிப்பதுதான் இந்தத் துறையின் இதயம். எளிய கணக்கு ஒன்று: முதல் சுற்றில் 20 விலங்குகளை அடையாளம் காண்கிறீர்கள். அடுத்த சுற்றில் 25 தென்படுகின்றன, அதில் 10 ஏற்கெனவே அடையாளம் கண்டவை. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு தெரிந்த முகங்கள். அப்படியானால் முன்பு கண்ட 20 என்பது மொத்தத்தில் ஐந்தில் இரண்டு; மொத்தம் சுமார் 50. இரண்டு சுற்றுக்கு இடையில் எதுவும் சாகவில்லை, வெளியேறவில்லை, எல்லாவற்றுக்கும் கண்ணில் படும் வாய்ப்பு ஒன்றே என்ற நிபந்தனைகள் உண்டு. நிபந்தனை எங்கே உடைகிறது என்று யோசிக்கத் தெரிந்தால் நீங்கள் பாதிச் சூழலியலாளர். 1990களில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் புலியின் வரிகளைக் கைரேகை போல வைத்து, தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு செய்தது இதே கணக்கின் விரிவுதான்.

பழகுவதற்கு அரிய விலங்கு வேண்டாம். எங்கும் காணக்கிடைக்கும் ஒரு பறவை போதும். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே வேகம், ஒரு பருவம் முழுக்க. போன வருஷம் இரண்டு பேர் ஐந்து காலை நடந்து எண்ணியதையும் இந்த வருஷம் ஆறு பேர் பத்துக் காலை நடந்து எண்ணியதையும் பக்கத்தில் வைத்து "பெருகிவிட்டது" என்று அறிக்கை எழுதுவார்கள். பெருகியது நடந்த கால்கள்.

நோட்டைப் பற்றிக் கொஞ்சம். பென்சிலால் எழுதுங்கள், மை மழையில் ஓடிவிடும். நின்ற இடத்திலேயே எழுதுங்கள், முகாமுக்குத் திரும்பி நினைவிலிருந்து எழுதாதீர்கள். தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இல்லாத பக்கத்துக்கு மதிப்பில்லை. கண்டது, கேட்டது, பிறர் சொன்னது மூன்றையும் தனித்தனிக் குறியிட்டுப் பிரியுங்கள். அடித்தால் ஒற்றைக் கோடு, அழிப்பான் வேண்டாம், அடித்ததும் தகவல்தான். அன்றன்று இரவே பக்கங்களைப் படம் எடுத்துவிடுங்கள்.

கேமரா வைப்பது

இதை எல்லோரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். பாதையை ஒட்டிய மரத்தில், நடுத்தர விலங்கானால் முழங்கால் உயரத்தில், பாதையிலிருந்து சில எட்டு தள்ளிக் கட்டுங்கள். பாதைக்கு நேர்க்குத்தாக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வைத்தால் விலங்கு சட்டகத்துக்குள் கூடுதல் நேரம் இருக்கும். கிழக்கையோ மேற்கையோ நேராகப் பார்க்கவிடாதீர்கள். சூரியனே நூற்றுக்கணக்கான படம் எடுத்துத் தள்ளும். முன்னால் இருக்கும் புல்லையும் ஆடும் கிளையையும் அகற்றுங்கள், இல்லையேல் நினைவட்டை நிறைய காற்றின் படம்தான். வரியோ புள்ளியோ கொண்ட விலங்கானால் எதிரெதிராக இரண்டு கேமரா வேண்டும், ஏனென்றால் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. தேதி, நேரம் சரியா என்று இருமுறை பாருங்கள். பிறகு கேமரா எண்ணும் இடமும் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் நீங்களே குனிந்து தவழ்ந்து போங்கள். எத்தனை மூத்த பேராசிரியரானாலும் தவழத்தான் வேண்டும். படம் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

செம்பட்டியலைப் படிக்கும் விதம்

எந்த உயிரினம் அழிவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் பட்டியல்தான் செம்பட்டியல்; சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) அதை 1964இல் தொடங்கியது. உயிரினத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை 80 சதவீதம் சரிந்தால் மிக அருகியது, 50 என்றால் அருகியது, 30 என்றால் அழிவாய்ப்புள்ளது. காரணம் தெரிந்து, நிறுத்தப்பட்டு, மீட்கக்கூடிய சரிவானால் அளவுகோல் வேறு. வளர்ந்த உயிர்கள் 50க்கும் குறைவு என்றாலே மிக அருகியது என்ற தனி விதியும் உண்டு. எந்த விதியின் கீழ் அந்த வகை கொடுத்தார்கள் என்று பாருங்கள். அப்புறம் அச்சுறுத்தல்கள் பகுதியில் "இருக்கலாம்", "சந்தேகிக்கப்படுகிறது" என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று கோடு போடுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 'தரவு போதாது' என்ற வகையில் கிடக்கும் தவளை, மீன், நத்தை பக்கம் போகவே ஆளில்லை. புலிக்கும் யானைக்கும் வரிசை நீளம். முதல் உயிரினமாக யாரும் கேட்காத ஒன்றை எடுத்தவர்கள் சீக்கிரமே தங்கள் துறையில் எல்லோரும் தேடி வந்து கேட்கும் ஆளாகிவிடுகிறார்கள்.

கை வைக்கும்போது

நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் 1980இல் கறுப்பு ராபின் பறவைகள் மொத்தம் ஐந்தே மிஞ்சின. முட்டையிட்டுக் குஞ்சு தேற்றும் பெண் பறவை ஒன்றே ஒன்று. அதற்கு 'ஓல்ட் ப்ளூ' என்று பெயர். டான் மெர்ட்டன் குழுவினர் அதன் முட்டைகளை எடுத்து டாம்டிட் என்ற வேறு பறவையின் கூட்டில் வைத்து வளர்க்கச் செய்தார்கள். ராபின் மறுபடி முட்டையிட்டது. இன்று இருக்கும் கறுப்பு ராபின்கள் எல்லாம் அந்த ஒரு தாயின் வழி வந்தவை. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த பாதியைக் குறைவாகவே சொல்கிறார்கள். சில பெண் பறவைகள் முட்டையைக் கூட்டின் விளிம்பில் இட்டன. அப்படியே விட்டால் பொரிக்காது. பணியாளர்கள் பார்த்துப் பார்த்து உள்ளே தள்ளிவைத்தார்கள். ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த காலத்தில் வேறு யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் விளிம்பில் இடும் குணம் பரம்பரையாக வருவது. தள்ளிவைக்கத் தள்ளிவைக்க அந்தக் குணம் பரவி, ஒரு கட்டத்தில் பாதியளவு பெண் பறவைகள் விளிம்பில் இட்டன. தள்ளுவதை நிறுத்தியதும் இயற்கைத் தேர்வு தன் வேலையைச் செய்தது, குணம் குறைந்தது.

நீங்கள் செய்யும் எந்த உதவிக்கும் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: என்ன செய்தோம், எந்தக் கூட்டுக்கு, எந்தத் தேதியில், எப்போது நிறுத்துவோம். நிறுத்தும் நாளைத் தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள். கக்கபோ கிளிக்குக் கூடுதல் தீனி கொடுத்தபோது நன்றாகத் தின்ற தாய்கள் ஆண் குஞ்சுகளையே அதிகம் பெற்றன. பெண்கள்தான் தேவைப்பட்ட நேரம் அது. எந்தத் தாய்க்கு எவ்வளவு தீனி என்ற குறிப்பு இருந்ததால்தான் அதைக் கண்டு தீனியின் அளவை மாற்ற முடிந்தது.

உயிருள்ள விலங்கைப் பிடிப்பது, அது எங்கே போகிறது என்று காட்டும் வானொலிப் பட்டை மாட்டுவது எல்லாம் அனுமதியும் பயிற்சியும் இருந்தால் மட்டும். கருவியின் எடை உடல் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பழைய வழக்கு. பறக்கும் உயிர்களுக்கு 3 சதவீதம் என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்தத் தகவல் இல்லாமலே கேள்விக்கு விடை கிடைக்குமானால் பிடிக்கவே வேண்டாம்.

மனிதர்களும் இரகசியமும்

அந்த நிலத்தில் மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், தேன் எடுப்பவர் உங்களைவிட அதிகம் பார்த்திருப்பார்கள். உயிரினத்தின் படத்தை நீட்டி "இதைப் பார்த்திருக்கிறீர்களா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். அங்கே வாழவே வாழாத ஒரு விலங்கின் படத்தையும் கலந்து வைத்து, "இதில் எது எது தெரியும், கடைசியாக எப்போது" என்று கேளுங்கள். கூட நடந்தால் கூலி கொடுங்கள், அவர்கள் சம்மதித்தால் அறிக்கையில் பெயர் போடுங்கள். நன்றியுரையின் கடைசி வரியில் "உள்ளூர் மக்கள்" என்று மொத்தமாக முடித்துவிடும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது.

துல்லியமான இடத்தை வெளியே சொல்லாதீர்கள். சீனாவின் குகைப் பல்லி ஒன்றை, 'கோனியூரோசாரஸ் லூயி', 1999இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். வளர்ப்பு விலங்கு வணிகர்கள் தேடிப் போய், முதலில் கண்ட இடத்தில் அதைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் இடத்தைப் பெரிய கட்டமாகக் காட்டுங்கள். கைபேசிப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுத்தான் யாருக்கும் அனுப்ப வேண்டும், நண்பர்களானாலும்.

வேலைக்குச் சேரும் முன்

ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கோ ஒரு நிதி முடியும் வரைக்கோதான். அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். சம்பளமே இல்லாத "அரிய வாய்ப்பு"களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஓரிரு வாரம் தன்னார்வமாகப் போய்ப் பார்க்கலாம். மாதக்கணக்கில் இலவசமாக ஆளை வைத்திருக்கும் திட்டத்தில் வசதி உள்ளவர்கள் மட்டும்தான் தங்க முடியும்.

சேரும் முன் கேளுங்கள்: அடிபட்டால் காப்பீடு யார் பொறுப்பு, எந்த வழியில் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனை போகலாம், நான் சேகரிக்கும் தரவில் ஆய்வுக் கட்டுரை வந்தால் என் பெயர் இருக்குமா, விடுப்பு உண்டா. பெண்களானால் முகாமில் தங்குமிடமும் கழிப்பறையும் எப்படி, தவறாக யாராவது நடந்துகொண்டால் முகாமுக்கு வெளியே யாரிடம் புகார் செய்வது என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடமானால் அதுவே விடை. களத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வராவிட்டால் எத்தனை மணிக்குத் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது, அடுத்து வருகிறவருக்குத் தரவை ஒப்படைக்க ஒரு வாரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு நெடுவரிசையும் எதைக் குறிக்கிறது, அளவு எந்த அலகில், வெற்றுக் கட்டம் என்றால் பூச்சியமா அல்லது பார்க்கவே இல்லையா என்று எழுதிய விளக்கத்தாள் ஒன்று வேண்டும். அதோடு, எந்தக் கேமராவின் பூட்டுக்கு எந்தச் சாவி என்ற பட்டியலையும் வைத்துவிட்டுப் போங்கள். புதிதாக வருகிறவர் முதல் நாள் கேட்கப்போவது அதைத்தான்.